ஆச்சிக்கு ஒரே நாளில் மறதி முற்றிவிட்டதா? முதலில் உடம்பைத் தேடிப் பாருங்கள்

அல்சைமர் என்ற மறதி நோய் உள்ள ஆச்சி நேற்று மத்தியானம் வரை தானாக எழுந்து புறவாசலுக்குப் போய் வந்தார். இன்று காலையில் மகனைப் பார்த்து யார் என்று கேட்கிறார். சேலையைப் பிடித்து இழுக்கிறார். சுவரோரம் ஆள் நிற்பதாகச் சொல்கிறார். வீட்டில் உடனே இரண்டு பேச்சு எழும். "வயசாயிட்டுல்லா, இனி இப்படித்தான் இருப்பாவ" என்பது ஒன்று. "ராத்திரி வெளிய போயிட்டு வந்தாவ, எதையோ கண்டு பயந்திருக்காவ, திருநீறு போடணும்" என்பது இன்னொன்று. திருநீறு போடுவதால் கெடுதல் இல்லை. போட்டுவிட்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருப்பதில்தான் கெடுதல்.

அல்சைமர் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நகரும் நோய். ஒரு ராத்திரியில் முற்றாது. மணிக்கணக்கிலோ இரண்டு மூன்று நாளிலோ ஆள் மாறிப்போனால், பெரும்பாலும் உடம்பில் வேறொரு கோளாறு புதிதாக வந்திருக்கிறது: நீர்த்தாரையில் தொற்று, நெஞ்சில் சளி, ஈறில் சீழ், முதுகில் புண், வயிற்றில் மலக்கட்டு, அல்லது புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை. மருத்துவர்கள் இந்தத் திடீர்க் குழப்பத்தை டெலீரியம் என்பார்கள். காரணத்தைப் பிடித்துவிட்டால் பெரும்பாலும் இறங்கும். விட்டால் உயிருக்கே ஆபத்து. பிழைத்தாலும் நினைவு ஒரு படி கீழே போய் நின்றுவிடலாம்.

உடம்பில் எங்கோ இருக்கும் புண் மூளையை எப்படிக் கலைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், தேடுவதில் சலிப்பு வராது. அல்சைமரில் மூளை நரம்பணுக்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதம் படிந்து கட்டியாகிறது. அணுக்களுக்கு உள்ளே டௌ என்ற புரதம் முறுக்கிச் சிக்காகிறது. இந்தக் கழிவைக் கூட்டி அள்ளும் வேலை மைக்ரோகிளியா என்ற காவல் அணுக்களுடையது. கழிவு ஓயாமல் சேரச் சேர அவை எப்போதும் எரிச்சலிலேயே இருக்கின்றன. ராத்திரியெல்லாம் குரைத்துக் களைத்த தோட்டத்து நாய் மாதிரி. அந்த நேரத்தில் உடம்பில் ஒரு தொற்று வந்தால், இன்டர்லூகின், டிஎன்எஃப் போன்ற அழற்சிப் பொருள்கள் (கிருமியோடும் காயத்தோடும் உடம்பு போராடும்போது சுரப்பவை) ரத்தத்தில் கூடும். ரத்தக் குழாய்ச் சுவர் வழியாகவும், நெஞ்சையும் வயிற்றையும் மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகவும் அந்தச் செய்தி மூளைக்கு எட்டும். சாதாரண மூளையில் காவல் அணுக்கள் கொஞ்சம் உசும்பி அடங்கிவிடும். நமக்குக் காய்ச்சலில் வரும் சோர்வும் மந்தமும் அதுதான். அல்சைமர் மூளையிலோ அவை அளவு மீறிப் பாய்ந்து, நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்புகளையே கடித்துவிடுகின்றன.

2009-இல் வெளியான ஆய்வு ஒன்றில், இங்கிலாந்தின் சவுதாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் உள்ள 300 பேரை ஆறு மாதம் பின்தொடர்ந்தார்கள். தொற்றோ அடியோ பட்டு உடம்பில் அழற்சி வந்துபோனவர்களுக்கு, வராதவர்களைவிட நினைவு சரியும் வேகம் சுமார் இரண்டு மடங்கு இருந்தது. அழற்சிதான் அல்சைமருக்கு முழுக் காரணம் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் வெறும் பின்விளைவு என்றும் ஒதுக்க முடியாது. காவல் அணுக்களின் வேலையோடு தொடர்புடைய டிரெம்2 என்ற மரபணுவில் ஒரு வகை மாற்றம் உள்ளவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்பது 2013-இல் வெளியானது. வீட்டில் இருப்பவர்கள் மரபணுவை மாற்ற முடியாது. நீர்க்கடுப்பை ஒரு நாள் முன்னால் கண்டுபிடிக்க முடியும்.

நல்ல நாளில் எழுத வேண்டிய நோட்டு

"நேற்று எப்படி இருந்தாங்க?" என்று மருத்துவர் கேட்கும்போது வீட்டில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். உடம்பு நன்றாக இருக்கும் ஒரு வாரத்தில் இவற்றை எழுதி வையுங்கள்: யார் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், எத்தனை இட்லி சாப்பிடுகிறார், பகலில் எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகிறார், எத்தனை நாளுக்கு ஒரு தடவை வெளிக்குப் போகிறார், தார்சாவிலிருந்து வாசலுக்குத் துணையில்லாமல் நடக்கிறாரா. காலையில் அக்குளில் வைத்துப் பார்த்த சூடு, நாடித்துடிப்பு, ஒரு நிமிஷத்தில் எத்தனை மூச்சு என்பதையும் மூன்று நாள் குறியுங்கள்.

கவனத்துக்கு ஒரு சோதனை உண்டு. கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள்: சனி, வெள்ளி, வியாழன். நோயின் தொடக்கத்தில் இருப்பவர் தட்டுத்தடுமாறியாவது சொல்வார். டெலீரியம் வந்தவர் இரண்டு கிழமை சொல்வதற்குள் வேறெங்கோ போய்விடுவார், அல்லது கண் சொருகும். முதலிலேயே சொல்ல முடியாதவராக இருந்தால் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். எது முடிகிறதோ அதை நோட்டில் எழுதுங்கள். நேற்று முடிந்தது இன்று முடியவில்லை என்பதுதான் அடையாளம்.

ஒரு எச்சரிக்கை. டெலீரியம் என்றாலே கத்துவார், அடிப்பார் என்று நினைக்க வேண்டாம். சும்மா சுருண்டு படுத்து, சாப்பாடு வேண்டாம் என்று, கூப்பிட்டால் அரைக்கண் திறந்து மூடுகிற வகையும் உண்டு. "இன்னைக்கு ஆச்சி தொந்தரவு இல்லாம தூங்குதாவ" என்று வீடு நிம்மதியாக இருக்கும். முதியோருக்கு அதிகம் வருவதும், அதிகம் தவறிப்போவதும் இந்த அமைதியான வகைதான்.

திடீர் மாற்றம் தெரிந்த அன்று

முதலில் முகத்தைப் பாருங்கள். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். வேறெதையும் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளி என்றால் அடுத்து விரல் குத்திச் சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கவும் முடிந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்து 15 நிமிஷத்தில் மறுபடி பாருங்கள். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குப் போகும்.

பிறகு சூடு. வயதானவர்களுக்குத் தொற்று பலமாக இருந்தாலும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். அதனால் 100 டிகிரி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நோட்டில் உள்ள வழக்கமான சூட்டைவிட 2 டிகிரி ஃபாரன்ஹீட் கூடியிருந்தாலே அதைக் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சூடு பார்க்கும் முன்பே பாராசிட்டமால் கொடுத்துவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. தடயம் அழிந்துவிடும். மூச்சை வயிற்றைப் பார்த்து முழு நிமிஷம் எண்ணுங்கள். 24-ஐத் தாண்டினாலோ, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 92-க்குக் கீழே காட்டினாலோ அன்றைக்கே, அப்போதே ஆஸ்பத்திரி.

இவை சரியாக இருந்தால் தலையிலிருந்து கால் வரை தேடுங்கள். கதவைச் சாத்தி, மின்விளக்கைப் போட்டு, ஆச்சிக்குப் பழக்கமான ஒரு பெண் செய்வது நல்லது. செய்யப் போவதை முன்கூட்டிச் சொல்லிச் செய்யுங்கள்: "ஆச்சி, முதுகு லேசாப் பாத்துக்கிடுதேன், சரியா?" "வலிக்கா?" என்ற கேள்விக்கு மட்டும் பதிலை நம்பி இருக்க வேண்டாம். அல்சைமரில் வலியைச் சொல்லும் சொல் போய்விடும், வலி போகாது. தொடும்போது முகம் சுளிக்கிறதா, கையைத் தட்டிவிடுகிறாரா, முனகுகிறாரா என்று பாருங்கள். அந்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது.

நீர்த்தாரை

நம் திருநெல்வேலிப் பக்கம் சித்திரை வெயிலில் மிக அதிகம் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அல்சைமர் உள்ளவர் தாகத்தை உணர்வது குறைவு, உணர்ந்தாலும் கேட்க மறப்பார். ராத்திரி எழுப்ப வேண்டியிருக்கிறதே என்று வீட்டாரும் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரைக் குறைப்பார்கள். நீர் குறைந்து, நீர்த்தாரை கழுவப்படாமல், தொற்று ஏறுகிறது. எரிச்சல், அடிக்கடி போவது, புதிதாகப் படுக்கையை நனைப்பது, அடிவயிற்றைத் தொட்டால் சுருங்குவது, குளிர்நடுக்கம் ஆகியவை அடையாளங்கள். நாற்றம் மட்டும் போதாது. நீர் குறைந்தாலே சிறுநீர் நாறும்.

சோதனைக்குக் கொடுக்கும்போது பெரும்பாலும் தவறு நடக்கிறது. ஆய்வகம் கொடுக்கும் கிருமி நீக்கிய டப்பாவில், அந்த இடத்தைத் தண்ணீரில் கழுவிய பிறகு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். படுக்கைப் பாத்திரத்திலிருந்து ஊற்றிக் கொடுத்தால் அதில் எல்லாக் கிருமியும் வளரும். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே பிடிக்க வேண்டும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். இன்னொன்று: வயதான பெண்கள் பலருக்குத் தொந்தரவு எதுவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். அதற்கு மருந்து தேவையில்லை. சிறுநீரில் கிருமி என்ற ஒரே காரணத்தோடு தேடலை நிறுத்திவிட்டால், நெஞ்சில் இருக்கும் நிமோனியா தவறிப்போகும்.

தாத்தா என்றால் கைலியைத் தளர்த்தி அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். தொப்புளுக்குக் கீழே கல் மாதிரி உருண்டு, சொட்டுச் சொட்டாகப் போனால் சிறுநீர் அடைத்திருக்கிறது. மலக்கட்டாலும் இது வரும். மூன்று நாள் வெளிக்குப் போகவில்லை என்பதே ஒருவரைப் பித்துப் பிடித்தவர் போல் ஆக்கிவிடும்.

தண்ணீரை "குடிங்க" என்று சொல்லிக் குடிக்க வைக்க முடியாது. 150 மில்லி பிடிக்கும் டம்ளரில், காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்குள் பத்துத் தடவை, கையில் கொடுத்து அருகில் உட்காருங்கள். நீர்மோர், கஞ்சித்தண்ணி, ரசம் எல்லாம் கணக்கில் சேரும். பதனீர் சர்க்கரை நோயாளிக்கு ஆகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இளநீர் ஆகாது. இதய, சிறுநீரக நோய்க்காக மருத்துவர் தண்ணீரை அளந்து கொடுத்திருந்தால் அந்த அளவே அளவு.

வாய்

வெற்றிலை பாக்கு புகையிலை போட்டே எழுபது வயது வரை வந்த வாய்களில் ஈறு நோய் இல்லாதது அபூர்வம். ஈறிலிருந்து ரத்தம், சீழ், ஆடும் பல், ஒரு பக்கமாகவே மெல்லுவது, சூடான காப்பியைத் திடீரென்று மறுப்பது ஆகியவற்றைக் கவனியுங்கள். ஈறு நோய்க் கிருமி ஒன்றின் தடயம் அல்சைமர் மூளைகளில் கிடைத்ததாக 2019-இல் ஒரு ஆய்வு வந்தது, பெரிதாகப் பேசப்பட்டது. அந்தக் கிருமியின் நொதிகளைத் தடுக்கும் மாத்திரை 2021-இல் சோதனையில் நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை. ஆகவே பல் துலக்கினால் அல்சைமர் வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாய் சுத்தமாக இருந்தால் சீழ் இராது, சாப்பாடு உள்ளே போகும், வாய்க் கிருமி நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியா வருவது குறையும். அதற்காகவே இவ்வளவு பாடும் தகும்.

ஆச்சியை நாற்காலியில் உட்காரவைத்து நீங்கள் பின்னால் நின்று, அவர் தலையை உங்கள் வயிற்றில் சாய்த்துக்கொண்டு துலக்குங்கள். முன்னால் நின்றால் கையைத் தட்டிவிடுவார். மென்மையான பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட். பிரஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்துச் சின்ன வட்டமாக இரண்டு நிமிஷம். உமிக்கரி வேண்டாம், அது பல்லைத் தேய்த்து ஈறைக் கீறும். கட்டிய பல் செட்டை ராத்திரி கழற்றிக் கழுவித் தண்ணீரில் போடுங்கள். அதைக் கழற்றாமல் பல நாள் விட்டு, அடியில் புண் வைத்திருக்கும் நிலை நிறையவே காணக் கிடைக்கிறது.

தோல், கால், மாத்திரைப் பை

படுத்தே இருப்பவருக்கு வால் எலும்பு, இடுப்பு, குதிகால், முழங்கை, பின்தலை ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றிலும் இருப்பதைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, மஞ்சள் அப்பக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து லேசாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். குதிகால் மெத்தையைத் தொடாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் துணிச்சுருள் வையுங்கள். நடக்கிறவர் என்றால் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். சர்க்கரையால் மரத்துப்போன காலில் உடை முள் ஏறிச் சீழ் வைத்திருப்பது அவருக்கே தெரியாது.

ஒரு பக்கமாக வரிசையாகக் கொப்புளம் கண்டால் அது அக்கி. காவியால் அக்கி எழுதுவது நம் ஊர் வழக்கம். எழுதட்டும். ஆனால் வைரஸ் மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டுப் போனால் அந்த நேரம் தாண்டிவிடும். அக்கித் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வேல்ஸ் நாட்டில் பிறந்த தேதியை வைத்துத் தடுப்பூசி கொடுத்ததால் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட முடிந்தது. போட்டவர்களிடம் ஏழு வருஷத்தில் மறதி நோய் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது என்று 2025-இல் வெளியானது. வருஷாந்திர ஃப்ளூ ஊசியும், நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசியும் இவர்களுக்கு உண்டு.

அப்புறம் மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள். கடையில் சும்மா வாங்கிய சளி மாத்திரை, இருமல் மருந்தில் உள்ள குளோர்பெனிரமின், தூக்கத்துக்கு வாங்கிய அல்பிரசோலம், சிறுநீரை அடக்கக் கொடுத்த ஆக்ஸிபியூட்டினின், பழைய அமிட்ரிப்டிலின் எல்லாமே குழப்பத்தைக் கூட்டும். இவற்றில் சில, அல்சைமருக்குக் கொடுக்கும் டோனெபெசில் மாத்திரை மூளையில் கூட்டும் வேதிப்பொருளுக்கு நேர் எதிர் வேலை செய்கின்றன. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பல நாள் சாப்பிட்ட தூக்க மாத்திரையைச் சட்டென்று விட்டால் அதுவே குழப்பம் தரும்.

அழற்சிக்கு வலி மாத்திரையா?

அழற்சிதானே காரணம், அழற்சியைக் குறைக்கும் டைக்ளோஃபினாக்கைத் தினமும் கொடுக்கலாமே என்று படித்தவர்களே கேட்கிறார்கள். மூட்டுவாதத்துக்கு வருஷக்கணக்கில் வலி மாத்திரை தின்றவர்களுக்கு அல்சைமர் குறைவாக இருக்கிறது என்று 1990-களில் கவனித்ததிலிருந்து வந்த நினைப்பு அது. அதைச் சோதிக்க நப்ராக்சனையும் செலிகாக்சிபையும் முதியோருக்குக் கொடுத்த பெரிய ஆய்வை, இதயப் பாதிப்புக் கவலையால் 2004-இல் நிறுத்தினார்கள். மறதியையும் அது தடுக்கவில்லை. வயதானவருக்கு இந்த மாத்திரைகள் வயிற்றில் ரத்தக்கசிவு, சிறுநீரகக் கேடு, ரத்த அழுத்த ஏற்றம் எல்லாம் தரும். வலிக்கு மருத்துவரைப் பார்க்கும் வரை பாராசிட்டமால் 500 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி விட்டு, நாளைக்கு நாலுக்கு மேல் போகாமல். ஈரல் கோளாறு உள்ளவருக்குக் கேட்டே கொடுக்க வேண்டும்.

மஞ்சள் மாத்திரையும் அப்படித்தான். குடலில் அது சரியாக உறிஞ்சப்படுவதில்லை, அல்சைமரில் பலன் நிரூபணமாகவில்லை. குழம்பில் போடும் மஞ்சள் குழம்புக்குப் போதும்.

ஆஸ்பத்திரியில்

ஊர் ஆரம்ப சுகாதார நிலையமோ பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியோ, போனதும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "நேற்று மத்தியானம் வரைக்கும் இப்படி இல்லை." அல்சைமர் என்று முதலில் சொன்னால் அதோடு கேட்பது நின்றுவிடும். நோட்டையும் மாத்திரைப் பையையும் கொடுங்கள். ரத்த அணுக்கள், சோடியம் (ரத்தத்தில் உள்ள உப்பு), சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின், சர்க்கரை, சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே ஆகியவை வழக்கமாகப் பார்க்கப்படுபவை. சோடியம் இறங்கினாலும் இதே குழப்பம்தான். சிஆர்பி என்ற ரத்தச் சோதனை அழற்சி இருக்கிறது என்று மட்டும் சொல்லும், எங்கே என்று சொல்லாது, அல்சைமர் இருக்கிறதா என்றும் சொல்லாது. கீழே விழுந்திருந்தால், அதுவும் ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், மறக்காமல் சொல்லுங்கள்.

சேர்த்துக்கொண்டால் கண்ணாடி, காது மெஷின், பல் செட் மூன்றும் கூடப் போக வேண்டும். தெரிந்த முகம் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். கட்டிப் போடுவது குழப்பத்தை ஏற்றும்.

நாற்பது வயதுக்காரர்களுக்கு

ஆச்சியைப் பார்த்துக்கொள்ளும் மகனும் மருமகளும் இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்கள் உடம்பிலும் வருஷக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் மெல்லிய அழற்சி இருக்கலாம். தொப்பைக் கொழுப்பு, கட்டுப்படாத சர்க்கரை, புகை, ஈறு எல்லாம் அதை ஊதுகின்றன. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றை நீக்க முடிந்தால் உலகில் 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது கேளாமை, காற்று மாசு அதில் உண்டு. விறகும் காய்ந்த ஓலையும் எரியும் அடுக்களைப் புகை, பீடி சுற்றும் தட்டிலிருந்து எழும் புகையிலைத் தூசி இரண்டும் நுரையீரலுக்கு அழற்சி தருபவை. பீடித்தட்டைக் காற்றோட்டமான தார்சாவுக்கு மாற்றி, மூக்கில் துணி கட்டுங்கள். அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் 2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருப்பதுதான் குறை.

சாப்பாட்டில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள் சாளையோ அயிலையோ குழம்பாக, பொரிக்காமல். தொலியோடு உளுந்து போட்ட உளுந்தஞ்சோறு, முருங்கைக்கீரை. உளுந்தங்களி நல்லதுதான், ஆனால் கருப்பட்டி சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரைதான். அதில் யாரும் ஏமாற வேண்டாம். நடை வாரத்துக்கு 150 நிமிஷம். நெல்லையப்பர் கோயில் ரதவீதி நான்கையும் விடியற்காலையில் சுற்றிவந்தாலும் ஆகும், குளத்துக் கரையானாலும் ஆகும்.

தொற்று தீர்ந்து வீட்டுக்கு வந்த பிறகும் ஆச்சியின் குழப்பம் அன்றே தெளியாது. சில நாளிலிருந்து சில வாரம், சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகும். அந்த நாள்களில் அவர் படுத்த பழைய இடத்திலேயே படுக்கட்டும், பகலில் வெளிச்சத்தில் உட்காரட்டும், ராத்திரி விளக்கணைத்துத் தூங்கட்டும். ஊரில் கோயில் கொடை வந்து ராத்திரி முழுக்க மேளமும் வேட்டும் என்றால் உள்ளறைக்கு மாற்றி, கூட ஒருவர் படுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் கிழமைகளைப் பின்னாலிருந்து கேளுங்கள். மூன்று மாதம் கழித்து, புதுப் பக்கத்தில் முதலிலிருந்து எழுதுங்கள்: யார் பெயர் தெரிகிறது, எத்தனை இட்லி, வாசல் வரை நடக்கிறாரா.